கழற்றுவதற்கு முன்: பழுதாகத் தொடங்கிய வட்டு ஒன்றை மாற்றிய அனுபவம்

என் பொறுப்பில் இருக்கும் சேமிப்பு சர்வரில் எட்டு வட்டுகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் 8 டெராபைட். ரெய்டு என்பது பல வட்டுகளை ஒரே தொகுப்பாக்கி, வட்டு கெட்டாலும் தரவைக் காக்கும் ஏற்பாடு. அதில் இரண்டு வட்டுகள் போனாலும் தாங்கும் ரெய்டு 6 முறையில் இணைத்திருப்பதால் இரண்டு வட்டுகளுக்கு ஈடான இடம், இழந்த தரவைக் கணக்கிட்டு மீட்க உதவும் பேரிட்டி என்ற கூடுதல் தரவுக்குப் போய்விட, 48 டெராபைட் பயன்பாட்டுக்கு மிஞ்சுகிறது. பழைய ஒலிப்பதிவுகள், கையெழுத்துப் பிரதிகளின் மின்வருடல்கள், அவற்றைப் பற்றி எழுதப்பட்ட குறிப்புகள் எனப் பலர் பல ஆண்டுகள் உட்கார்ந்து சேர்த்த உழைப்பு அதில் இருக்கிறது. அந்த ஒலிநாடாக்களில் சில இனி எந்தக் கருவியிலும் ஓடாத நிலைக்குப் போய்விட்டன. சர்வரிலும் பேக்கப்பிலும் இருக்கும் பிரதிகள்தாம் அவற்றுக்கு இனி மூலம். அதனால்தான் ஒரு வட்டை மாற்றுவது என்ற, கைவேலையாகப் பார்த்தால் ஐந்து நிமிடம் கூடப் பிடிக்காத காரியத்தைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதத் துணிகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கண்காணிப்பு நிரல் அனுப்பிய மின்னஞ்சல் வந்திருந்தது. எட்டு வட்டுகளில் ஒன்றில் படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் செக்டர்கள் (வட்டில் தரவு எழுதப்படும் மிகச்சிறு பகுதிகள்) 8 என்று அதில் இருந்தது. அதற்கு முந்தைய நாள்வரை அந்த எண் பூச்சியம். வட்டுகள் தங்கள் உடல்நிலையைத் தாங்களே பதிவுசெய்யும் ஸ்மார்ட் என்ற ஏற்பாட்டில் இது 197-ஆம் பண்பு. ஒரு செக்டரைப் படிக்க முயன்று தோற்ற வட்டு, அதை உடனே கைகழுவிவிடுவதில்லை; சந்தேகப் பட்டியலில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே இடத்தில் எழுத நேரும்போது எழுத்து சரியாகப் பதிந்தால் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். பதியாவிட்டால், அதற்கென ஒதுக்கி வைத்திருக்கும் உபரி இடத்திலிருந்து ஒரு செக்டரை மாற்றாகக் கொடுத்து, 5-ஆம் பண்பின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும். எட்டு என்ற எண்ணைக் கண்டு எட்டு இடங்களில் பழுது என்று நினைத்துவிட வேண்டாம். இன்றைய வட்டுகள் உள்ளுக்குள் 4096 பைட் கொண்ட செக்டர்களாக இருந்துகொண்டு, வெளியே 512 பைட் செக்டர்களாகக் கணக்குக் காட்டுபவை. எனவே உண்மையில் பழுதான ஒரே ஒரு செக்டர், கணக்கில் எட்டாகத் தெரிவது வழக்கம்.

ஒரே ஒரு செக்டர்தானே என்று விட்டுவிடத் தோன்றும். நானும் முன்பு அப்படி விட்டதுண்டு. 2007-ஆம் ஆண்டில் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையைப் படித்த பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். இப்படி நிலுவைக் கணக்கு முதன்முதலாகத் தலைகாட்டிய வட்டுகள், அப்படி ஏதும் காட்டாத வட்டுகளைவிட, அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு 16 மடங்கு அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். வட்டின் பரப்பை வருடும்போது முதல் பிழை கிடைத்தால் அந்த வாய்ப்பு 39 மடங்கு. அதே கட்டுரை இன்னொன்றையும் சொல்கிறது: செயலிழந்த வட்டுகளில் 36 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, வெப்பநிலையைத் தவிர்த்துப் பார்த்தால், எந்த ஸ்மார்ட் அறிகுறியையும் காட்டாமலேயே போயின. முன்னறிவிப்பு வராததால் வட்டு நலமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. முன்னறிவிப்பு வந்துவிட்டால் அதைக் கிடப்பில் போடவும் கூடாது. சொல்லிவிட்டுப் போகும் வட்டு நமக்கு நல்லதே செய்கிறது.

அன்று மதியத்துக்குள் அந்த எண் 16 ஆயிற்று, மாலையில் 40. இதற்கிடையே, பெரிய ஒலிக்கோப்புகளைத் திறக்கும்போது சில நொடிகள் உறைந்து நிற்கிறது என்று இரண்டு பேர் வந்து சொன்னார்கள். வட்டு வாரியாகப் பதில் நேரத்தைப் பார்த்தேன். ஏழு வட்டுகள் பத்துப் பதினைந்து மில்லிநொடியில் பதில் சொல்ல, இந்த ஒன்று மட்டும் அவ்வப்போது ஏழு நொடி வரை வாய் திறக்காமல் இருந்தது. அந்த ஏழு நொடிக்குக் காரணம் உண்டு. தொகுப்பில் வைப்பதற்கென்று செய்யப்படும் வட்டுகள், படிக்க முடியாத செக்டரோடு ஏறத்தாழ ஏழு நொடிதான் மல்லுக்கட்டும். பிறகு பிழை என்று ஒப்புக்கொண்டு, பேரிட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளும் வேலையை ரெய்டிடம் விட்டுவிடும். தனிக் கணினிக்கென்று விற்கப்படும் வட்டுகளில் பல ஒரு நிமிடத்துக்கு மேலும் விடாமல் முயலும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னல் வழக்கமாக 30 நொடிதான் காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் இணைப்பையே மீட்டமைக்கும். அப்போதும் வட்டு பேசாவிட்டால் முழு வட்டையும் செத்ததாகக் கருதித் தொகுப்பிலிருந்து தள்ளிவிடும். ஒரு செக்டர் கெட்டதற்காக ஒரு வட்டே பறிபோகும் இந்த விபத்து, பிழை மீட்புக் கால வரம்பு அமைக்கப்படாத வட்டுகளை வாங்கிப் போட்ட இடங்களில் திரும்பத் திரும்ப நடக்கிறது. வட்டு வாங்கும்போதே பார்க்க வேண்டிய முதல் விஷயம் இது என்பேன்.

வட்டைக் குற்றவாளியாக்கும் முன் கேபிளையும் பார்த்தேன். 199-ஆம் பண்பு, வட்டுக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையே தரவு போகும் வழியில் ஏற்படும் பிழைகளை எண்ணுவது. அது ஏறிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் குறை கேபிளிலோ, வட்டு செருகப்படும் பின்பலகையிலோதான் இருக்கும். அப்போது நல்ல வட்டை மாற்றுவதில் பயனில்லை. இங்கே அது பூச்சியமாகவே இருந்தது. மாற்ற வேண்டியது வட்டுதான் என்பது உறுதியாயிற்று.

இந்த இடத்தில், பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். இன்று நான் கடைப்பிடிக்கும் ஒவ்வொரு பழக்கமும் அந்த ஒரு மாலையிலிருந்து வந்ததே.

அது நான்கு வட்டுகள் கொண்ட ரெய்டு 5 தொகுப்பு. அதில் ஒரு வட்டு போனால் தாங்கும். இரண்டாவது போனால் தொகுப்பே போயிற்று. இரண்டாம் எண் வட்டு செயலிழந்து வெளியேற்றப்பட்டது என்று மென்பொருள் காட்டியது. நான் புதிய வட்டோடு போய், பெட்டியின் முகப்பில் 2 என்று எழுதியிருந்த ஸ்லாட்டின் தாழ்ப்பாளை விடுவித்து, டிரேயை இழுத்தேன். வட்டு கைக்கு வந்தபோது அது இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. சுழலும் தட்டுகள் கையைத் திருப்ப விடாமல் மணிக்கட்டை எதிர்த்துத் தள்ளும். பம்பரத்தைக் கையில் ஏந்தியவர்களுக்கு அந்த விசை பழக்கமாக இருக்கும். செத்துப் பல மணி நேரம் ஆன வட்டு ஏன் இப்படிச் சுழல வேண்டும் என்ற எண்ணம் வந்த அதே நொடியில் அடிவயிறு கலங்கியது. மென்பொருள் பூச்சியத்திலிருந்து எண்ணுகிறது. பெட்டியைச் செய்தவர் ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறார். மென்பொருளின் இரண்டாம் வட்டு, பெட்டியின் மூன்றாம் ஸ்லாட்டில் இருந்தது. நான் உருவியது நலமான வட்டு.

பதறிப்போய் அதைத் திரும்பச் செருகினேன். செருகிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்பது வீண் எதிர்பார்ப்பு; தொகுப்பைப் பொறுத்தவரை ஏற்கெனவே இரண்டு வட்டுகள் இல்லை, அது நின்றுவிட்டது. அடுத்து நான் தட்டெழுதத் தொடங்கிய கட்டளை, தொகுப்பைப் புதிதாக உருவாக்கச் சொல்வது. அதே வட்டுகளை அதே வரிசையில் கொடுத்தால் பழைய தொகுப்பே கிடைத்துவிடும் என்று எங்கோ படித்த அரைகுறை நினைவு. எனக்கு மூத்தவர் ஒருவர் பின்னால் வந்து நின்றவர், என் தோளில் கை வைத்தார்.

“கையை எடுப்பா. இனிமே ஒரு கமாண்ட் கூட அடிக்காத. முதல்ல நீ என்னென்ன செஞ்சேன்னு வரிசையா ஒரு பேப்பர்ல எழுது.”

எழுதினேன். எழுதி முடிக்கும்போது கை நடுக்கம் நின்றிருந்தது. என்ன நடந்தது என்பதும் தெளிவாகியிருந்தது. புதிதாக உருவாக்கும் கட்டளை, வட்டுகளின் தலைப்பில் இருக்கும் பழைய தொகுப்பின் விவரங்களை அழித்துப் புதியவற்றை எழுதும். வட்டுகளுக்குத் தரவைப் பிரித்துக் கொடுக்கும் துண்டின் அளவோ வட்டுகளின் வரிசையோ தரவு தொடங்கும் இடமோ பழையதிலிருந்து சிறிது மாறினாலும், அதன்பின் நடக்கும் மறுகட்டமைப்பு (மற்ற வட்டுகளைப் படித்துக் கணக்கிட்டு ஒரு வட்டின் தரவை மீண்டும் எழுதுவது) எல்லாவற்றையும் குப்பையாக்கிவிடும். அவர் செய்தது வேறு. ஒவ்வொரு வட்டின் தலைப்பையும் படித்து, அதில் பதிவாகியிருக்கும் நிகழ்வு எண்ணைக் குறித்துக்கொண்டார். தொகுப்பில் மாற்றம் நேரும்போதெல்லாம் ஏறிக்கொண்டே போகும் எண் அது. இரண்டு வட்டுகளில் அது ஒன்றாக இருந்தது. நான் உருவிச் செருகிய வட்டில் சற்றே பின்தங்கியிருந்தது. உண்மையில் செத்த வட்டில் வெகு தொலைவு பின்தங்கியிருந்தது. முதல் மூன்றையும் வைத்துத் தொகுப்பை வலுக்கட்டாயமாக ஒன்றுசேர்க்கச் சொன்னார். சேர்ந்தது. உடனே அதில் எதையும் எழுத விடாமல், கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் அனுமதித்துச் சோதித்தார். அந்த நிமிடத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த சில கோப்புகள் பாழாகியிருந்தன. அவற்றை முந்தைய இரவின் பேக்கப்பிலிருந்து மீட்டோம். விடியும்வரை அவர் என்னோடு இருந்தார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஸ்லாட் எண்ணை நான் நம்புவதில்லை. இயங்குதளம் வைக்கும் எழுத்துப் பெயர்களையும் நம்புவதில்லை. அவை சர்வரை மறுபடி தொடங்கும்போது இடம் மாறக்கூடியவை, இன்று மூன்றாவதாகத் தெரியும் வட்டு நாளை ஐந்தாவதாகத் தெரியலாம். வட்டுக்கு மாறாத அடையாளம் அதன் சீரியல் நம்பர் ஒன்றே. புதிய வட்டு உள்ளே போவதற்கு முன், சீரியல் நம்பரைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு டிரேயின் முகப்பில், கழற்றாமலேயே படிக்கும்படி ஒட்டிவிடுகிறோம். எந்த ஸ்லாட்டில் எந்த எண், எப்போது செருகியது, எந்த உற்பத்தித் தொகுதியைச் சேர்ந்தது என்ற அட்டவணையை சர்வருக்கு வெளியே வைத்திருக்கிறோம். சர்வருக்குள் வைத்தால், தேவைப்படும் நாளில் அது திறக்காது.

மீண்டும் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மாலையில் முதலில் செய்தது பேக்கப்பைச் சோதித்தது. பேக்கப் வெற்றி என்று தினமும் வரும் மின்னஞ்சலைப் பார்ப்பது சோதனை ஆகாது. வெவ்வேறு கோப்புறைகளிலிருந்து இருபது கோப்புகளை வேறொரு கணினிக்கு மீட்டு, மூலத்தோடு செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டுப் பார்த்தோம். ரெய்டு பேக்கப் ஆகாது என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் வட்டு மாற்றும் நாளில்தான் அந்த வாக்கியத்தின் முழுப் பொருளும் உறைக்கும். தவறிப்போய் நீக்கிய கோப்பை ரெய்டு அதே நொடியில் எல்லா வட்டுகளிலிருந்தும் ஒழுங்காக நீக்கித் தரும்.

அடுத்து, மற்ற ஏழு வட்டுகளும் முழுவதும் படிக்கக்கூடிய நிலையில் இருக்கின்றனவா என்ற கேள்வி. மறுகட்டமைப்பு நடக்கும்போது, பல மாதமாக யாரும் தொடாத மூலைகளில் உள்ள செக்டர்களும் படிக்கப்படும். அங்கே ஒளிந்திருக்கும் பழுதுகள் அப்போதுதான் வெளிப்படும். அதைத் தவிர்க்கவே ஸ்கிரப் என்ற முழுச் சோதனையை அவ்வப்போது ஓட்டுகிறோம். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் மென்பொருள் ரெய்டை நிறுவினால், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அது தானாகவே ஓடும்படி அமைத்துத் தருகிறார்கள். எங்களுடையது ஒன்பது நாட்களுக்கு முன்தான் பிழையின்றி முடிந்திருந்தது. அப்படி இல்லாமல், ஆறு மாதமாக ஸ்கிரப் ஓடாத தொகுப்பாக இருந்திருந்தால், வட்டு தள்ளாடத் தொடங்கிய பிறகு அதை ஓட்டத் துணிந்திருக்க மாட்டேன்; ஏற்கெனவே மூச்சு வாங்கும் வட்டை மலை ஏறச் சொல்வதற்கு ஒப்பானது அது. அந்த நிலையில் பேக்கப்பைப் புதுப்பித்துவிட்டு நேராக மாற்றத்துக்கே போயிருப்பேன்.

படிக்க முடியாத பிழை பற்றிய ஒரு கணக்கு பலரைப் பயமுறுத்துகிறது. சாதாரண வட்டுகளின் விவரக்குறிப்பில், 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுகளைப் படிக்க ஒரு பிழைக்கு மேல் வராது என்று இருக்கும், அது 12.5 டெராபைட். எனவே நான்கு 4 டெராபைட் வட்டுகள் கொண்ட ரெய்டு 5-இல் ஒன்று போனால், மற்ற மூன்றிலிருந்தும் 12 டெராபைட் படிக்க வேண்டும், ஆகவே மறுகட்டமைப்பு தோற்றே தீரும் என்கிறார்கள். அந்த எண் உற்பத்தியாளர் தரும் உச்ச வரம்பு, ஒவ்வொரு 12.5 டெராபைட்டுக்கும் ஒரு பிழை கட்டாயம் வரும் என்பது அதன் பொருளன்று. தவறாமல் ஸ்கிரப் ஓடும் தொகுப்பில் இதைவிட எத்தனையோ மடங்கு தரவைப் பிழையின்றிப் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனாலும் இவ்வளவு பெரிய வட்டுகளில் ரெய்டு 5 போதாது என்ற முடிவில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மாற்றும் ஒரு நாள் முழுக்க, இன்னொரு வட்டு தடுமாறினால் தாங்கிக்கொள்ள ஏதேனும் மிச்சம் இருக்க வேண்டும்.

புதிய வட்டு எங்களிடம் அலமாரியில் இருந்தது. உதிரி வட்டை வாங்கி உறை பிரிக்காமல் வைப்பதை நான் ஏற்பதில்லை. வரும் வழியில் குலுங்கி அடிபட்ட வட்டு, பிரித்துச் செருகும் நாளில்தான் தன் நிலையைக் காட்டும். அந்த நாள் நமக்கு மிக மோசமான நாளாக இருக்கும். எனவே வாங்கியதும் வட்டு முழுவதிலும் நான்கு வெவ்வேறு பிட் வடிவங்களை எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படித்து ஒப்பிடும் சோதனையை ஓட்டுகிறோம். 8 டெராபைட் வட்டுக்கு ஒரு முறை முழுதும் எழுதவோ படிக்கவோ பதினைந்து மணி நேரம் என்று வைத்தால், எட்டு முறைக்கு ஐந்து நாட்கள் ஆகின்றன. பிறகு வட்டின் நீண்ட சுயசோதனை. இவ்வளவும் முடிந்து 5, 197, திருத்த முடியாத செக்டர்களை எண்ணும் 198 ஆகிய மூன்று பண்புகளும் பூச்சியமாக நின்றால்தான் அலமாரிக்குப் போகும். இன்னும் இரண்டு விஷயங்களை வாங்கும்போதே பார்த்தாக வேண்டும். புதியது பழையதைவிட ஒரு செக்டர் குறைந்தாலும் தொகுப்பு ஏற்காமல் போகலாம். உறையில் போட்டிருக்கும் டெராபைட் கணக்கை விட்டுவிட்டுச் செக்டர் எண்ணிக்கையை ஒப்பிட வேண்டும். மற்றொன்று, எழுதும் தடங்கள் ஓட்டுக்கூரையின் ஓடுகள்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் வகை வட்டுகள். அவற்றில் ஒரு தடத்தை மாற்றி எழுத, அடுத்தடுத்த தடங்களையும் எழுத வேண்டியிருப்பதால் மறுகட்டமைப்பு நாட்கணக்கில் இழுக்கும். சில சமயம் பாதியில் முறியும். 2020-இல், தொகுப்புகளுக்கென்று விற்கப்பட்ட வட்டுகளிலேயே இந்த வகை அறிவிப்பின்றிக் கலந்திருந்தது வெளிவந்தபோது எழுந்த கோபம் நியாயமானது. மாதிரி எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குவதற்குச் சோம்பல்படக் கூடாது.

இனி, இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம். வட்டு பழுது என்று தெரிந்ததும் அதை முதலில் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் புதியதைச் செருகுவதுதான் பெரும்பாலோரின் வழக்கம். செத்துப்போன வட்டானால் அதற்கு வேறு வழியில்லை. ஆனால் எங்கள் வட்டு சாகவில்லை. அதன் இருநூறு கோடிக்கு ஓரளவு குறைந்த 4096 பைட் செக்டர்களில், அதாவது ஏறத்தாழ 195 கோடி செக்டர்களில், அன்று மாலை நிலவரப்படி கெட்டவை ஐந்து. மற்ற அத்தனையும் சரியான தரவைச் சுமந்துகொண்டிருந்தன. அதைக் கழற்றிய நொடியில் அவ்வளவையும் நாமே தூக்கி எறிந்து, தொகுப்பை ஒரு வட்டு குறைந்த நிலைக்குத் தள்ளிவிடுகிறோம்.

எங்கள் பெட்டியில் பன்னிரண்டு ஸ்லாட்டுகள், நான்கு காலி. புதன்கிழமை காலை 10:40-க்கு ஒன்பதாம் ஸ்லாட்டில் புதிய வட்டைச் செருகி, தொகுப்பில் உதிரியாகச் சேர்த்து, பழையதற்குப் பதிலாக இதை வை என்று மாற்றீட்டுக் கட்டளை கொடுத்தோம். லினக்ஸ் மென்பொருள் ரெய்டு அப்போது என்ன செய்கிறது என்பதை அறிந்தால் அதன் அருமை விளங்கும். பழைய வட்டைத் தொகுப்பிலிருந்து விலக்காமலேயே, அதிலிருந்து நேராகப் புதியதற்கு நகலெடுக்கிறது. பழையதில் ஓர் இடம் படிக்க முடியாமல் போனால், அந்த இடத்துக்கு மட்டும் மற்ற வட்டுகளின் தரவையும் பேரிட்டியையும் வைத்துக் கணக்கிட்டு எழுதுகிறது. நகல் முழுமையடைந்த பிறகே பழையதைப் பழுதானது என்று குறித்து விடுவிக்கிறது. அந்த ஒரு நாள் முழுவதும் தொகுப்பின் பாதுகாப்பு ஒரு வட்டுகூடக் குறையவில்லை. ரெய்டு வேலையையும் தானே செய்யும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை வைத்திருப்பவர்களும் பழைய வட்டு இணைப்பில் இருக்கும்போதே மாற்றீட்டுக் கட்டளையைக் கொடுத்தால் இதே பலனைப் பெறலாம். காலி ஸ்லாட் இல்லாத பெட்டிகளில், பெட்டிக்குள் மிச்சமிருக்கும் சாட்டா இணைப்பு ஒன்றில் தற்காலிகமாகப் புதியதை மாட்டியும் இதைச் செய்யலாம். புதிய பெட்டி வாங்கும் நிலையில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: எல்லா ஸ்லாட்டுகளையும் நிரப்பிவிடாதீர்கள், ஒன்றையாவது காலியாக விடுங்கள்.

தொடங்கியபோது நொடிக்கு 160 மெகாபைட் வேகம் காட்டியது. ஆட்கள் வேலை செய்யும் நேரத்தில் அது 65 அளவுக்கு இறங்கியது. மறுகட்டமைப்பின் வேக வரம்பை உயர்த்தி விரைவாக முடிக்கலாமா என்று உடனிருந்தவர் கேட்டார்; பாதுகாப்பு குறையாத நிலையில் அவசரம் தேவையில்லை என்று முடிவு செய்தோம். தொகுப்பு ஏற்கெனவே வட்டு இழந்த நிலையில் இருந்திருந்தால், பயனர்களை நிறுத்திவைத்தாவது வேகத்தைக் கூட்டியிருப்பேன். இரவில் 110-ஐ ஒட்டி ஓடியது. வட்டின் வெளித் தடங்களைவிட உள்தடங்கள் மெதுவானவை என்பதால் முடிவை நெருங்க நெருங்க வேகம் குறைவது இயல்பு, அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. கர்னல் பதிவில் பழைய வட்டின் படிப்புப் பிழைகள் அவ்வப்போது விழுந்துகொண்டிருந்தன. மொத்தம் 23 இடங்கள். அந்த 23 இடங்களையும் மற்ற வட்டுகள் ஈடுகட்டின. வியாழக்கிழமை காலை 11:45-க்கு முடிந்தது. 25 மணி நேரம். அதற்குள் பழைய வட்டின் நிலுவைக் கணக்கு 112-ஐத் தொட்டிருந்தது.

இப்போது கழற்ற வேண்டியதுதான். கட்டளையால் பழைய வட்டைத் தொகுப்பிலிருந்து நீக்கி, சுழற்சியை நிறுத்தி, அதன் இடங்காட்டி விளக்கை எரியவிட்டோம். உடன் பணியாற்றும் இளையவர் பெட்டியின் முன்னே நின்றார். நான் அட்டவணையோடு திரைமுன் இருந்தேன்.

“நாலாவது ஸ்லாட்ல விளக்கு எரியுது சார். கடைசி நாலு எழுத்தும் சரியா இருக்கு.”

“முழு நம்பரையும் படிங்க. நான் திருப்பிச் சொல்றேன்.”

அவர் படிக்க, நான் திரும்பச் சொல்ல, ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தோம். ஒரே தொகுதியில் வந்த வட்டுகளின் எண்கள் முன்பாதி வரை ஒன்றாகவே இருக்கின்றன. பி எழுத்தும் 8 என்ற இலக்கமும் அந்தச் சிறிய ஒட்டுத்தாளில் ஒன்றுபோலவே தெரிகின்றன. ஒருவர் படித்து ஒருவர் சரிபார்க்கும் அந்த அரை நிமிடத்தை நான் எதற்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. இடங்காட்டி விளக்கு இல்லாத பெட்டிகளில், சந்தேகப்படும் வட்டிலிருந்து தொடர்ந்து எதையேனும் படிக்கச் சொன்னால் அதன் வேலை விளக்கு விடாமல் எரியும். வட்டு முற்றிலும் செத்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் படிக்கச் சொல்லி, எது இருண்டிருக்கிறது என்று பார்க்கலாம்.

அவர் தாழ்ப்பாளை விடுவித்து டிரேயை விரலளவு மட்டும் வெளியே இழுத்து, இணைப்பு விட்டதும் அப்படியே நிறுத்தி, முப்பது வரை எண்ணினார். சுழற்சி நின்றுவிட்டதாகக் கட்டளை சொல்லியிருந்தாலும் இந்தக் காத்திருப்பு பழக்கத்தில் இருப்பது நல்லது. நின்ற வட்டில் படிப்பு முனை பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கியிருக்கும். சுழலும் வட்டைக் குலுக்கினால் அது தட்டில் உரசிவிடலாம். பிறகு முழுவதும் உருவி என் கையில் கொடுத்தார். கனமாக, வெதுவெதுப்பாக, அசைவின்றி இருந்தது.

அதன்பின் செய்தவை சிறியவை: அட்டவணையைத் திருத்தினோம், கண்காணிப்பு நிரல் புதிய வட்டையும் பார்க்கிறதா என்று உறுதிசெய்தோம், ஒரு முழு ஸ்கிரப் ஓட்டி முரண்கள் பூச்சியம் என்று கண்டோம். இயங்குதளமும் அதே வட்டுகளில் இருக்கும் சர்வரானால், சர்வரைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரைப் புதிய வட்டிலும் நிறுவ மறக்கக் கூடாது; மறந்தவர்கள் அதை அடுத்த வட்டு போகும் நாளில்தான் தெரிந்துகொள்வார்கள்.

பழைய வட்டை என்ன செய்வது என்பதில் சற்று யோசனை தேவைப்பட்டது. உத்தரவாதக் காலம் மிச்சமிருந்தது. திருப்பி அனுப்பினால் மாற்று கிடைக்கும். ஆனால் அதில் மற்றவர்களின் குரல்கள் இருக்கின்றன. முழுவதும் பூச்சியம் எழுதி அழித்துவிட்டு அனுப்பலாமே என்றால், வட்டு கெட்டதென்று ஒதுக்கிவிட்ட பழைய செக்டர்களுக்குச் சாதாரணமான எழுதுதல் போய்ச் சேராது. அங்கே இருந்தது அங்கேயே இருக்கும். வட்டின் தரவு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் சாவியை அழித்தாலே போதும், கவலையின்றி அனுப்பிவிடலாம். எங்கள் தொகுப்பு மறையாக்க வசதி அமைப்பதற்கு முன் தொடங்கப்பட்டது. ஆகவே உத்தரவாதத்தை விட்டுவிட்டு, வட்டின் தட்டுகளை அழிக்க முடிவு செய்தோம். அடுத்த தொகுப்பை முதல் நாளிலிருந்தே மறையாக்கத்தோடு அமைப்பது என்றும் தீர்மானமாயிற்று.

1988-இல் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் ரெய்டு என்ற கருத்தை முன்வைத்த கட்டுரையை எழுதியபோது, அந்த ஆங்கிலப் பெயரில் (RAID) இருந்த ஐ என்ற எழுத்து விலை குறைந்த வட்டுகளைக் குறித்தது. பின்னாளில் அதையே தனித்தியங்கும் வட்டுகள் என்று பொருள் மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பிற்காலப் பொருள்தான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. வட்டுகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றிக் கெட்டால்தான் பேரிட்டிக் கணக்கு நம்மைக் காக்கும். ஒரே நாளில் வாங்கி, ஒரே பெட்டியில், ஒரே வெப்பத்தில், ஒரே வேலையைச் செய்துவரும் எட்டு வட்டுகள் அப்படித் தனித்தனியானவை அல்ல. கழற்றிய வட்டோடு அதே தொகுதியில் வந்தவை இன்னும் ஐந்து உள்ளே இருக்கின்றன. அவற்றை ஒரே நேரத்தில் மாற்றாமல், இரண்டு மாதத்துக்கு ஒன்றாக, வெவ்வேறு தொகுதிகளிலிருந்து வாங்கி மாற்றுவது என்று திட்டமிட்டோம்.

மாற்றி ஐந்து வாரம் ஆகிறது. நேற்று முன்தினம் ஆறாம் ஸ்லாட்டில் உள்ள வட்டின் 197-ஆம் பண்பு 8 என்று காட்டியது. அதற்கான புதிய வட்டு இப்போது சோதனை மேசையில் இருக்கிறது. நான்கு வடிவங்களில் மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கிறது. சீரியல் நம்பரை அச்சிட்டு டிரேயில் ஒட்டிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை சோதனை முடிந்ததும் பத்தாம் ஸ்லாட்டில் போகும்.